ஆங்கிலச் சொல் அறிவோம்: ‘ஓகே’



கோயில் அன்னதான மண்டபத்தில் பந்தி நடக்கும்போது அடிக்கடி காணக்கூடிய ஒரு காட்சி. சோற்று வாளியுடன் வரும் அம்மா, இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்றிடம் “இன்னும் கொஞ்சம் போடட்டோ தம்பி?” என்று கேட்பார். பிள்ளை மரியாதையாக, “ஐ ஆம் ஓகே அன்ரி” என்று சொல்லும். அம்மா உடனே அகப்பை நிறைய அள்ளிப் போட்டுவிடுவார். பிள்ளை இலையைப் பார்த்துத் திகைக்கும். அம்மாவின் காதில் விழுந்தது ‘ஓகே’, அதாவது ‘போடுங்கோ’. பிள்ளை சொன்னதோ ‘எனக்குக் காணும்’. சொல் ஒன்றுதான், பொருள் நேர் எதிரானது.

சோறு விடயத்தில் இது சிரிப்போடு போய்விடும். டொக்டரிடமும், குடிவரவு அதிகாரியிடமும், ரெலிபோனில் ஒப்பந்தம் பேசுபவரிடமும் இதே குழப்பம் வந்தால் சிரிக்க முடியாது. ஆகவேதான் இம்முறை, எல்லோருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கும் இந்தச் சின்னச் சொல்லை எடுத்துக்கொள்கிறேன். முதலில் அதன் பூர்வீகத்தைப் பார்ப்போம். அதுவே ஒரு நல்ல கதை.

‘ஓகே’ இங்கிலாந்துச் சொல் அல்ல, அமெரிக்காவில் பிறந்தது. பிறந்த தேதி கூடத் தெரியும் என்று சொல்லலாம். 1839ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி ‘பொஸ்ரன் மோர்னிங் போஸ்ற்’ என்ற பத்திரிகையில், அதன் ஆசிரியர் சார்ள்ஸ் கோர்டன் கிறீன் வேடிக்கையாக எழுதிய ஒரு சிறு குறிப்பில் இந்த இரண்டு எழுத்துகளும் அச்சில் வந்தன. அக்காலத்தில் பொஸ்ரன் நகரப் பத்திரிகைக்காரரிடையே ஒரு விளையாட்டு இருந்தது. ஒரு சொற்றொடரை வேண்டுமென்றே பிழையான எழுத்துக்கூட்டலில் எழுதி, பிறகு அதன் முதலெழுத்துகளை மட்டும் எடுத்துப் போடுவார்கள். ‘ஓல் கொரெக்ற்’, அதாவது ‘எல்லாம் சரி’ என்பதை ஏ, சீ என்று சுருக்குவதுதான் முறை. அவர்களோ அதைப் படிப்பறிவில்லாதவன் எழுதுவது போல ஓவிலும் கேயிலும் தொடங்கும்படி எழுதி, ‘ஓ. கே.’ என்று சுருக்கினார்கள். ‘ஓல் றைற்’ என்பதையும் இதே மாதிரிப் பிழையாக எழுதி ‘ஓ. டபிள்யூ.’ என்று சுருக்கினார்கள். அது போன்றவை எல்லாம் வந்த வேகத்தில் மறைந்துபோயின. இது மட்டும் நின்றது.

(எமது பிள்ளைகளுக்கு இதை விளக்க வேறு உதாரணம் தேவையில்லை. 2012இல் வந்த ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ என்ற படத்தை எல்லோரும் ‘ஓகே ஓகே’ என்றார்கள். 2015இல் வந்த ‘ஓ காதல் கண்மணி’ ‘ஓகே கண்மணி’ ஆனது. பொஸ்ரன்காரர் செய்த அதே குறும்புதான்.)

இந்தச் சொல் ஏன் நின்றது? அதற்குக் காரணம் அரசியல். 1840ஆம் ஆண்டு அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் மீண்டும் போட்டியிட்ட மார்ட்டின் வான் பியூரன், நியூயோர்க் மாநிலத்தில் கிண்டர்ஹூக் என்ற ஊரில் பிறந்தவர். ஆதரவாளர்கள் அவரை ‘ஓல்ட் கிண்டர்ஹூக்’, அதாவது ‘கிண்டர்ஹூக் பெரியவர்’ என்று அழைத்து, முதலெழுத்துகளை வைத்து ‘ஓ. கே. கழகம்’ ஒன்றும் நடத்தினார்கள். எதிர்க்கட்சியினர் விடவில்லை. வான் பியூரனுக்கு முன் ஜனாதிபதியாக இருந்த அன்ட்ரூ ஜாக்சனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, அவர்தான் அரச பத்திரங்களில் ‘ஓல் கொரெக்ற்’ என்பதைப் பிழையாக எழுதி ‘ஓகே’ போட்டவர் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டார்கள். வான் பியூரன் தேர்தலில் தோற்றார். சொல் வென்றது. பின்னர் தந்தி வந்ததும், ரயில் நிலையங்களுக்கிடையே ‘செய்தி கிடைத்தது, சரி’ என்று அறிவிக்க இரண்டெழுத்துச் சொல் மிக வசதியாகப் போய்விட்டது.

இந்த வரலாற்றைப் பழைய பத்திரிகைகளைத் துருவித் துருவி நிறுவியவர் அலன் வாக்கர் றீட் என்ற கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1963, 1964ஆம் ஆண்டுகளில் அவர் எழுதிய கட்டுரைகள் வரும்வரை ஆளுக்கொரு கதை சொன்னார்கள். சொக்ரோ என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் மொழியில் ‘ஓக்கே’ என்றால் ‘அப்படியே’ என்று பொருள், அதிலிருந்து வந்தது என்றார்கள் சிலர். ஜனாதிபதி வூட்ரோ வில்சன் அதை நம்பி, அந்த எழுத்துக்கூட்டலிலேயே எழுதிவந்தார். கிரேக்கர் தங்கள் மொழியில் ‘எல்லாம் நன்று’ என்பதற்கு உள்ள ‘ஓலா கலா’ தான் மூலம் என்பார்கள். மேற்கு ஆபிரிக்க மொழிகளைக் காட்டுவோரும் உண்டு. எங்கள் ‘ஓம்’ என்ற சொல்லிலிருந்துதான் ‘ஓகே’ பிறந்தது என்று யாராவது உங்களிடம் சொன்னால், கேட்டுச் சிரித்துவிட்டுப் போங்கள். ஒலி ஒத்திருப்பது உறவுக்குச் சாட்சி ஆகாது. கணக்கிலும் அப்படித்தான். இரண்டு தொகைகள் ஒன்றாக இருப்பதால் மட்டும் இரண்டும் ஒரே கொடுக்கல் வாங்கல் என்று நாம் எழுதுவதில்லை.

இனிப் பொருளுக்கு வருவோம். தமிழில் நாம் ஐந்தாறு சொற்களால் பிரித்துச் சொல்வதை ஆங்கிலேயர் இந்த ஒரு சொல்லால் சொல்கிறார்கள். குரல்தான் வேறுபாட்டைக் காட்டும். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முதலாவது, எல்லோரும் அறிந்த ‘சரி, சம்மதம்’. “நாளைக்கு ஆறு மணிக்கு வாறன்” என்றால் “ஓகே”. இதில் குழப்பமில்லை.

அடுத்தது ‘பரவாயில்லை’. “சாப்பாடு எப்படி?” என்று கேட்க, வெள்ளைக்காரர் ஒருவர் “இற் வோஸ் ஓகே” என்றால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். நன்றாக இருந்தது என்று அவர் சொல்லவில்லை. சாப்பிடக்கூடியதாக இருந்தது என்றுதான் சொல்கிறார். பாடசாலையில் ஆசிரியரைச் சந்திக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். “உங்கள் மகளின் கணிதம் ஓகே” என்று ஆசிரியர் சொன்னால், நாம் ‘பிள்ளை நன்றாகச் செய்கிறாள்’ என்று நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுகிறோம். ஆசிரியர் சொன்னது ‘நடுத்தரம்’. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டிய இடம் அது. “எந்தப் பகுதியில் குறைவு? வகுப்பில் எந்த நிலையில் இருக்கிறாள்?” என்று கேட்டால்தான் விடயம் வெளியே வரும். இந்நாட்டு ஆசிரியர்கள் குறையை முகத்துக்கு நேரே சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் என்பது என் அபிப்பிராயம்.

மூன்றாவது, முதலில் சொன்ன அன்னதான ‘ஓகே’. ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போது ‘ஐ ஆம் ஓகே’ என்றால் ‘வேண்டாம், இருக்கிறபடியே எனக்குப் போதும்’. எங்கள் ‘பரவாயில்லை’ கூட இப்படி இரண்டு வேலையும் செய்கிறது என்பதைக் கவனியுங்கள். தேநீர் வேண்டுமா என்றால் நாமும் “பரவாயில்லை, இப்பதான் குடிச்சனான்” என்கிறோம். ஆகவே அன்ரிமாருக்கு ஒரு சுலபமான விதி: கேள்விக்குப் பதிலாக வெறும் ‘ஓகே’ வந்தால் போடலாம். ‘ஐ ஆம் ஓகே’ என்று வந்தால் வாளியை அடுத்த இலைக்குக் கொண்டுபோகலாம்.

கடையில் நிற்கும்போது விற்பனைப் பெண் வந்து “ஆர் யூ ஓகே தெயர்?” என்றால் உங்கள் சுகத்தை விசாரிக்கவில்லை. ‘என்ன வேணும்?’ என்பதற்கு நாகரிகமான வடிவம் அது. வகுப்பிலோ கூட்டத்திலோ ஒருவர் எழுந்து ‘ஓகே’ என்று தொடங்கினால் அதற்குப் பொருளே இல்லை. நாம் ‘சரி, தொடங்குவம்’ என்று தொண்டையைச் செருமுவது போலத்தான்.

‘ஓகே ஓகே’ என்று இரட்டிப்பதில் ஒரு கவனம் தேவை. தமிழில் ‘ஓம் ஓம்’ என்று இரட்டித்தால் உறுதியும் அன்பும் கூடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஓகே, ஓகே’ என்று வேகமாக இரட்டித்தால் ‘போதும் நிறுத்து, விளங்கிவிட்டது’ என்ற எரிச்சல் தொனிக்கும். வேலையிடத்தில் மேலதிகாரி ஏதோ விளக்கிக்கொண்டிருக்க, நம்மவர் பணிவாகத் தலையையும் ஆட்டி ‘ஓகே ஓகே ஓகே’ என்பார். அதிகாரி இவனுக்குக் கேட்கப் பொறுமையில்லை என்று நினைப்பார். தலையாட்டலும் அப்படியே. நாம் இடமும் வலமுமாக மெல்ல ஆட்டுவது எமக்குள் ‘ஓம், கேட்கிறன்’ என்பதாகும். இங்குள்ளவர் பலர் அதை ‘இல்லை’ என்றோ ‘தெரியாது’ என்றோ எடுக்கிறார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தமிழில் ஒருவர் பேசும்போது மற்றவர் ‘ஓம்’, ‘ம்’, ‘சரி’ என்று இடையிடையே சொல்லிக்கொண்டே இருப்பது எங்கள் பழக்கம். அதைச் சொல்லாவிட்டால் பேசுபவர் “கேட்குதோ?” என்று நிறுத்திவிடுவார். அந்த ‘ஓம்’ உடன்பாடு அல்ல. ‘உங்கள் பேச்சு என் காதில் விழுகிறது’ என்ற அறிவிப்பு மட்டுமே. இந்தப் பழக்கத்தை நாம் அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து, ‘ஓம்’ இருந்த இடத்தில் ‘ஓகே’யை வைத்துவிட்டோம். எங்கள் பெரியவர்கள் டொக்டர் சொல்லச் சொல்ல ‘ஓகே டொக்டர், ஓகே’ என்பது இப்படித்தான். டொக்டரோ, இவருக்கு விளங்கியது, சம்மதித்தார் என்று எழுதிக்கொள்கிறார்.

சத்திரசிகிச்சைக்குச் சம்மதம் பெறுவது பற்றிய சட்டம் இந்நாட்டில் 2015இல் தெளிவாக்கப்பட்டது. மொன்ற்கொமெரி என்ற தாயார், பிரசவத்தின்போது இருந்த ஆபத்தைத் தனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை என்று தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. நோயாளிக்கு முக்கியமாகப் படக்கூடிய ஆபத்துகளையும், வேறு வழிகள் இருந்தால் அவற்றையும் அவருக்கு விளங்கும்படி சொல்ல டொக்டர் கடமைப்பட்டவர் என்பதே தீர்ப்பின் சாரம். படிவத்தில் ஒரு கையெழுத்தை வாங்கிவிட்டால் மட்டும் கடமை முடிந்துவிடாது. ஆனால் விளங்காதபோதும் நாமே ‘ஓகே’ சொல்லிக்கொண்டிருந்தால், விளங்கவில்லை என்பதை டொக்டர் எப்படி அறிவார்?

ஆகவே வீட்டில் பெரியவர்களுக்கு ஒரு சொற்றொடரைப் பழக்கிவிடுங்கள்: “ஐ ஹியர் யூ, பட் ஐ டோன்ற் அண்டர்ஸ்ராண்ட்.” கேட்கிறது, ஆனால் விளங்கவில்லை. இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. தேசிய சுகாதார சேவையில் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்கலாம். பதிவு செய்யும்போதே ‘தமிழ்’ என்று சொல்லிவைத்தால் நல்லது. பத்து வயதுப் பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துப்போவதை மட்டும் தயவுசெய்து தவிர்க்கவும். அம்மம்மாவின் கர்ப்பப்பைப் பிரச்சினையை அந்தப் பிள்ளை எப்படிச் சொல்லும்? கடைசியில் அதுவும் ‘ஷீ ஈஸ் ஓகே’ என்றுதான் சொல்லும்.

அகதி விண்ணப்ப நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இதைவிடக் கவனம் வேண்டும். நேர்காணல் தொடங்கும்போது, உடம்பு சுகமாக இருக்கிறதா, மொழிபெயர்ப்பாளர் சொல்வது விளங்குகிறதா என்று கேட்பார்கள். பயமும், அதிகாரியைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற எங்கள் மரியாதையும் சேர்ந்து ‘ஓகே’ என்று சொல்லவைக்கும். இரவு முழுக்க நித்திரையில்லாமல், தலையிடியோடு வந்தவரும் ‘ஓகே’ என்பார். அந்தப் பதில் எழுத்தில் ஏறிவிடும். பிறகு, அன்று எனக்குச் சுகமில்லை, மொழிபெயர்ப்பு விளங்கவில்லை, அதனால்தான் திகதி பிழைத்தது என்று சொன்னால், ‘அப்போது ஓகே என்றீர்களே’ என்ற கேள்வி வரும். நேர்காணல் பதிவைப் பெற்றுத் திருத்தம் அனுப்ப வழி உண்டு என்றாலும், சொன்னதை மறுப்பது சொல்லாமல் விடுவதைவிடக் கடினம்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவராக இருந்தால் அவர் தமிழ் எமக்கு விளங்கும். எமது தமிழ் அவருக்கு விளங்குமா என்பதே கேள்வி. யாழ்ப்பாணத்தவர் ஒருவர் ‘பெடியள்’ வந்தார்கள் என்றால் அவர் மனதில் ஆயுதம் தாங்கிய இயக்கத்தினர் இருப்பார்கள். மொழிபெயர்ப்பில் அது ‘பையன்கள் வந்தார்கள்’ என்று மட்டும் போகலாம். ‘இயக்கம்’ என்ற சொல்லே அங்கு சினிமாப் படம் எடுப்பதற்கும் பயன்படுகிறது. ஆகவே “விளங்குகிறதா?” என்ற கேள்விக்கு ஓகே சொல்வதற்கு முன், மொழிபெயர்ப்பாளரோடு நாலு வசனம் கதைத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். விளங்காவிட்டால் அப்போதே, அந்த இடத்திலேயே சொல்லி, அது பதிவில் எழுதப்படுவதை உறுதி செய்யுங்கள். சட்டத்தரணி இருந்தால் அவரிடமும் அன்றே தெரிவியுங்கள்.

மூன்றாவது இடம் ரெலிபோன். இது என் தொழிலுக்குக் கிட்டிய விடயம். மின்சாரம், கைத்தொலைபேசி, காப்புறுதி என்று விற்பதற்கு அழைப்பு வருகிறது. மறுமுனையில் இருப்பவர் வேகமாக வாசிக்கிறார். நம்மவர் இடையிடையே ‘ஓகே, ஓகே’. அழைப்பு ஒலிப்பதிவாகிறது. ஆங்கிலச் சட்டத்தில் பெரும்பாலான ஒப்பந்தங்களுக்கு எழுத்துத் தேவையில்லை, வாய்ச்சொல்லே போதும். காணி, வீடு விற்பனை போன்ற சிலவற்றுக்கே எழுத்து அவசியம்.

இதில் சுவையான ஒரு பழைய வழக்கு உண்டு. 1862இல் தீர்க்கப்பட்டது. போல் ஃபெல்ற்ஹவுஸ் என்பவர் தன் உறவினனின் குதிரையை வாங்க விரும்பி, ‘உன்னிடமிருந்து பதில் வராவிட்டால் குதிரை 30 பவுண் 15 ஷில்லிங்குக்கு என்னுடையது என்று எடுத்துக்கொள்வேன்’ என்று எழுதினார். பதில் வரவில்லை. குதிரை தவறுதலாக ஏலத்தில் போய்விட்டது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. மௌனம் சம்மதம் ஆகாது என்று தீர்ப்பாயிற்று. (புத்தகத்தில் ‘அங்கிள்’ என்றுதான் இருக்கிறது. இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் மாமனாக இராது, பெரியப்பனோ சித்தப்பனோதான்.) எங்கள் ‘மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி’ என்ற பழமொழி இங்குள்ள ஒப்பந்தச் சட்டத்தில் பொதுவாகச் செல்லாது. ஆக, ரெலிபோனில் பேசாமல் இருப்பவர் பாதுகாப்பாக இருக்கிறார், மரியாதைக்கு ‘ஓகே’ சொல்பவர்தான் மாட்டிக்கொள்கிறார்!

ரெலிபோனில் செய்த ஒப்பந்தங்களை, சில விலக்குகள் தவிர, 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யும் உரிமை 2014 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி நுகர்வோருக்கு உண்டு. சேவை என்றால் ஒப்பந்தம் செய்த நாளிலிருந்தும், பொருள் என்றால் அது கையில் கிடைத்த நாளிலிருந்தும் கணக்கிடுவார்கள். ஆனால் கடை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்: இந்த உரிமை வீட்டுப் பாவனையாளருக்குரியது. கடையின் பெயரில் மின்சார ஒப்பந்தத்துக்கு ‘ஓகே’ சொன்னால் இந்த 14 நாள் பாதுகாப்பு கிடையாது. “சென்ட் இற் இன் றைற்றிங், ஐ ஹாவ் நொற் அக்ரீட் டு எனிதிங்” என்று சொல்லிப் பழகுங்கள். எழுத்தில் அனுப்புங்கள், நான் எதற்கும் உடன்படவில்லை என்பது பொருள்.

எழுத்து என்று வந்ததால், எழுதும்போது இச்சொல்லை எங்கே பாவிக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஓ, கே என்ற இரண்டு பெரிய எழுத்துகளாகவும் எழுதலாம், ஓ, கே, ஏ, வை என்று நாலெழுத்தாகவும் எழுதலாம். இரண்டும் சரியே. நண்பருக்கும் சக ஊழியருக்கும் எழுதும் குறிப்பில் தாராளமாக வரலாம். வேலை விண்ணப்பம், கவுன்சிலுக்கு எழுதும் கடிதம், பரீட்சைக் கட்டுரை ஆகியவற்றில் தவிர்க்க வேண்டும். அங்கே ‘அக்ரீட்’, ‘அக்செப்ரபிள்’, ‘சற்றிஸ்ஃபக்ரரி’ என்று எது பொருளோ அதையே எழுதுவது நல்லது. கணக்காய்வுத் தாள்களில் வெறும் ‘ஓகே’ என்று எழுதிவைத்தால் மேற்பார்வையாளர் திருப்பி அனுப்புவார். எதை, எந்தப் பற்றுச்சீட்டோடு, எந்தத் திகதியில் ஒப்பிட்டுப் பார்த்தாய் என்பதை எழுதச் சொல்வார். கோயில் கணக்குக்கும் அது பொருந்தும். உண்டியல் எண்ணிய தாளில் ‘ஓகே’ என்றும் ஒரு கிறுக்கல் கையெழுத்தும் மட்டும் இருந்தால் அடுத்த வருடம் யாருக்கும் எதுவும் விளங்காது.

கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும் இளையவர்களிடம் இதற்கு ஒரு புது இலக்கணமே இருக்கிறது. ‘ஓகே’ என்று முழுதாக எழுதினால் சாதாரணம். ‘கே’ என்ற ஒற்றை எழுத்து மட்டும் வந்தால் அனுப்பியவர் கோபமாக இருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆகவே மகளுக்கு அவசரத்தில் ‘கே’ என்று மட்டும் அனுப்பிவிட்டு, பிள்ளை ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறது என்று யோசிக்கும் அப்பாமார், இன்னும் ஓர் எழுத்தைச் சேர்த்து அனுப்பிப் பார்க்கலாம்.